வெற்றி பெற்ற விருந்தினர்களுக்கு…

சென்ற சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. சிரிக்க வேண்டாம். கடற்கரை மைதானத்தில் கட்டியிருந்த துணியில் அப்படித்தான் எழுதியிருந்தது - 'மாபெரும் சர்வதேச கரப்பந்தாட்டம்'.

ஒரு பக்கம் கல்முனைக்குடி இளைஞர்கள் ஆறு பேர். மறுபக்கம், மாவடிப்பள்ளியில் வாய்க்கால் வேலைக்காக முகாம் போட்டிருக்கும் ஜப்பான் பொறியியலாளர்கள் ஆறு பேர். இரண்டு நாடுகள், ஆகவே சர்வதேசம். விதிப்படி சரிதான்.

போட்டிக்கு முந்திய வாரம் விளையாட்டுக் கழகத்தின் கூட்டம். பிரதம லிகிதராக - ஊருக்குக் 'கிளாக்கர்' - இருந்து ஓய்வு பெற்றவனை எந்த ஊர் சும்மா விடும்? என்னையும் அழைத்தார்கள். நடுவர் வேலையும் புள்ளிப்பலகை வேலையும் என் தலையில். நிகழ்ச்சிநிரல் பிரமாதம். யார் மாலை போடுவது, யாருக்கு எந்தக் கதிரை, விருந்துக்கு ஆடா மாடா, நன்றியுரை யார்… இதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. எப்படி வெல்வது? அது நிரலில் இல்லை. 'வேறு விடயங்கள்' என்ற கடைசித் தலைப்பில்கூட இல்லை!

அணித் தலைவன் பாறூக் மட்டும் எழுந்தான். "ஹாஜியார், சாப்பாட்ட மெச்சுக்குப் பொறகு வெச்சா என்ன?"

கழகத் தலைவரான ஹாஜியார் புடைவைக் கடைக்காரர், தாராள மனசுக்காரர். அவனைப் பெற்ற மகனைப்போல இரக்கத்தோடு பார்த்தார். "வந்த மனுசரப் பசியோட வெயில்ல ஓட வெக்கிறதா? விளையாட்டுத்தானே மனெ… திண்டுட்டு விளையாடுவம்."

கூட்டம் முடிந்து திரும்பும்போது பாறூக் என் கூடவே வந்தான்.

"சேர், மெச் முடிஞ்சி நாலாம் நாள் நான் சவூதிக்குப் போறன். டிறைவர் வேலை. அங்க ஆரு என்ன செல்லினாலும் 'ஓம் ஓம்' எண்டுதான் நிக்கணும். போறத்துக்கு முந்தி ஒருக்கா - ஒரே ஒருக்கா - வெளிநாட்டுக்காரன வெண்டுட்டுப் போகணும்."

நியாயமான விண்ணப்பம். பலமாகச் சிபாரிசு செய்திருப்பேன். ஆனால் அங்கீகரிக்கும் அதிகாரி ஹாஜியார் ஆயிற்றே!

சனிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் விருந்து. எங்கள் வழக்கம் தெரியும்தானே? ஒரு பெரிய சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. மூன்று பேர் அவர்கள், மூன்று பேர் எங்கள் பையன்கள். விருந்தாளி கையை எடுக்கும் முன் வீட்டுக்காரன் கையை எடுப்பது மரியாதை இல்லை. ஜப்பான்காரர்களுக்கோ, பரிமாறிய சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் அது மரியாதை இல்லையாம். அவர்கள் முடிக்க முடிக்க ஹாஜியார் அள்ளி வைக்கிறார். வைக்க வைக்க அவர்கள் முடிக்கிறார்கள். அவர்கள் நிறுத்தாதபோது நாங்கள் எப்படி நிறுத்துவது? பாறூக் ஹாஜியாரின் கையையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தான். அந்தக் கை ஓயவில்லை.

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்டம் தொடங்கியது. இரண்டு அணியும் நிறைமாதக்காரிகள் மாதிரி அசைந்தன. முதல் சுற்று அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் எல்லாருக்கும் சோறு கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும் - நல்ல ஆட்டம். பாறூக் எழும்பி அடித்த அடிகளை நான் இந்த மைதானத்தில் முன்பு கண்டதில்லை. இன்னும் இரண்டே புள்ளி எடுத்தால் வெற்றி எங்களுக்கு. பந்தும் பாறூக்கின் கையில்.

அப்போது ஹாஜியார் கோட்டருகே வந்து அவனைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"போதும் மனெ. விருந்துக்குக் கூப்புட்டுப்போட்டு தோக்கடிச்சி அனுப்புறதா? ஊருக்கு மானக்கேடு. நன்றியுரையும் டைப் அடிச்சாச்சி… 'வெற்றி பெற்ற எமது விருந்தினர்களுக்கு' எண்டு."

"அப்ப நான், ஹாஜியார்?"

"நீ சவூதிக்குப் போறாய்தானே, இன்னும் என்ன வேணும்?"

பெரியவர் சொன்னால் சொன்னதுதான். பாறூக் பந்தை வலைக்குள் அடித்தான். அடுத்து அவர்கள் போட்ட பந்துகள் எங்கள் பையன்களின் காலடியில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆறு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் நாட்டுக்கு டெஸ்ட் கிரிக்கெட் அந்தஸ்து கிடைத்திருக்கிறது. தோற்ற அன்று வானொலியைத் திறந்து பாருங்கள். 'கௌரவமாகத் தோற்றார்கள்', 'பார்வையாளர்களின் மனதை வென்றார்கள்'… மனதை வென்றதைப் போடப் புள்ளிப்பலகையில் இடம் உண்டா? நானும் தேடிப் பார்த்தேன், இல்லை. வெளியூர்க்காரன் "நல்ல பிள்ளைகள்" என்று முதுகில் தட்டினால் கிண்ணமே கிடைத்த மாதிரி நமக்கு.

கடைசிப் புள்ளிக்கான பந்து ஜப்பான் தலைவரின் கையில் இருந்தது. நரைத்த தலை மனிதர். பந்தைப் போடவில்லை. நேரே என்னிடம் வந்து, தலையைத் தாழ்த்தி, ஏதோ சொன்னார். அவர்களோடு வேலை செய்யும் பாண்டிருப்புச் சிவநாதன்தான் மொழிபெயர்ப்பாளர். அவன் முகம் சங்கடப்பட்டது.

"சேர், உங்கட பொடியன்மார் விளையாட்ட நிப்பாட்டிட்டாங்க, நாங்க ஏதும் பிழை செஞ்சிட்டமா எண்டு கேக்கார்."

ஹாஜியார் பதறிப்போனார். "ஐயோ, பிழை ஒண்டுமில்ல எண்டு செல்லுங்க! நாங்க சந்தோசத்துல விட்டுக் குடுக்கம்!"

சிவநாதன் சொன்னான். நரைத்த தலைக்காரரின் முகம் சிவந்தது. இந்தப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள், பழைய இடத்திலிருந்து ஆடுவோம் என்றார். கெஞ்சவில்லை. அதட்டவுமில்லை.

எடுத்த புள்ளியைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியும் இல்லை. ஆனால் விதி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதானே பிரதம லிகிதரின் வேலை? பலகையைப் பின்னோக்கித் திருப்பினேன். பந்தை எடுத்துப் பாறூக்கிடம் வீசினேன். அவன் ஹாஜியாரைப் பார்க்கவில்லை.

அடுத்த புள்ளி எங்களுக்கு. கடைசிப் பந்துக்குப் பாறூக் எழும்பினான். நரைத்த தலைக்காரர் அந்த வயதில் முழு நீளத்துக்குப் பாய்ந்து மணலில் விழுந்தார். பந்து அவர் கைக்கு அப்பால் விழுந்தது. வாயில் மணலோடு எழுந்து வந்து பாறூக்கின் முன் இடுப்பு வளையக் குனிந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பாறூக்கும் குனிந்தான். இரண்டு தலையும் முட்டாத குறை.

அவர்களுக்குத் தோற்றது வெட்கமாக இல்லை. யாரோ கொடுத்த வெற்றிதான் வெட்கம். நமக்கு?

நன்றியுரை மாறவில்லை. டைப் அடித்ததை எப்படி மாற்றுவது? ஹாஜியார் 'வெற்றி பெற்ற எமது விருந்தினர்களுக்கு' என்றே கணீரென வாசித்தார். சிவநாதன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, ஜப்பான்காரர்கள் பாறூக்கைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில் ஒருவர் சொல்கிறார்: "நல்ல மனுசருகா அவங்க! திண்ட சோத்துக்கு நமக்கு விட்டுக் குடுத்துட்டுப் போறாங்க." இன்னொருவர்: "பின்ன? ஜப்பான்காரன நம்மட புள்ளயள் வெல்லுறதாவது!" திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. தோற்றால் நாம் விட்டுக்கொடுத்தது. வென்றால் அவர்கள் விட்டுக்கொடுத்தது. விளையாடியதாக யாரும் ஒத்துக்கொள்வதாயில்லை!

புதன்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் பாறூக்கை ஏற்றிவிடப் போனோம். ஹாஜியாரும் வந்திருந்தார், வழிக்குத் தின்ன ஒரு பெட்டி தொதல் இனிப்போடு. பஸ் புறப்படும் முன் பாறூக் ஜன்னலால் தலையை நீட்டினான். நான்கு நாளாகத் தேநீர்க் கடைப் பேச்சு அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

"சேர், நீங்கதானே பலகையில நிண்ட… உண்மையச் செல்லுங்க. வெண்டம்தானே?"

"வெண்டீங்க மனெ. முத்திரை குத்தித் தரவா?"

சிரித்தான். பஸ் அசைந்ததும் ஜன்னலுக்குள் இருந்தபடியே தலையைத் தாழ்த்தி எனக்கு ஒரு ஜப்பான் ஸலாம் வைத்தான்.

பஸ் சந்தி திரும்பி மறைந்தது. ஹாஜியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"கிளாக்கர்… உண்மையாவே வெண்டமா?"