பஞ்சு தொட்டது தெரியவில்லை

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற எனக்கு நாற்பது வயதுக்கு மேல் நூல் பிடிபடாமல் போனது. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவேன். பார்த்தால் முடிச்சு விழுந்திருக்காது. வெள்ளெழுத்து என்று நானே முடிவுகட்டிக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். இழை பளிச்சென்று தெரிந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை. கண்ணாடிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன்.

அப்போதெல்லாம் கொதிக்கிற பால் பாத்திரத்தை இடது கையால் துணியில்லாமல் இறக்குவேன். "எங்கூட்டுக்காரிக்குக் கையி இரும்புங்க" என்று வீட்டுக்காரர் பட்டறையில் பெருமையடிப்பார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். விரலில் கொப்புளம் வந்தால் தறியில் உரசியது என்று விட்டுவிடுவேன்.

தோல் சோதனைக்கு வீடு வீடாக வந்த நர்சம்மா, என் இடது முன்கையில் இருந்த வெளிறிய தேமலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சுல தொடறனுங்க அக்கா. தொட்டா சொல்லுங்க."

வெகு நேரம் காத்திருந்தேன். "இன்னும் தொடலீங்களா?" என்று கண்ணைத் திறந்தால், பஞ்சு தேமலைத் தாண்டி என் ஆள்காட்டி விரல்மேல் வந்திருந்தது. பிறந்ததிலிருந்து பஞ்சிலும் நூலிலும் கிடந்தவள் நான்.

ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். கிருமி தோலோடு நிற்காமல் நரம்புக்கும் போய்விட்டதாம். விரல் போனால் தறி போச்சே என்று அழுதேன். "மாத்திரையில கிருமி செத்துருங்க. மரத்தது திரும்புமான்னு பொறுத்துத்தான் பாக்கோணும்" என்றார் நர்சம்மா. வீட்டுக்காரர், நான் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தார். எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

ஒரு வருஷம் மாத்திரையை விடவில்லை. அதில் முகம் கறுத்தது. கறுப்பும் லட்சணம்தான் என்று அவர் கேலி செய்வார். தினமும் என் விரல்களைத் திருப்பித் திருப்பிக் காயம் பார்ப்பது அவர் வேலையாகிவிட்டது.

போன மாதம் அவசரத்தில் துணியை மறந்து பால் பாத்திரத்தைத் தொட்டுவிட்டேன்.

"ஏனுங்க, சுடுதுங்க."

ஓடிவந்து என் கையைத் தண்ணீருக்குள் வைத்தார். சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. மற்ற நாலும் எரிந்தன.

"ரொம்ப எரியுதா, சாமி?"

"நல்லா எரியுதுங்க" என்றேன், மற்ற கையால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே.