மேற்கு மேலே இருக்கும் படம்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது எங்கள் ஊரின் வரைபடம். அச்சகத்துக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏனுங்க, படம் பக்கவாட்டுல திரும்பியிருக்குதுங்க, நேராக்கிப் போடட்டுங்களா?" என்று முதல் முறை கேட்டார். "மேல் மூலையில ஏதோ சொரண்டுன தடம் இருக்குதுங்க, அதையாச்சும் அழிச்சுரட்டுங்களா?" என்று இரண்டாம் முறை கேட்டார். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொன்னால் அக்காவைப் பற்றியும் சொன்னதாகிவிடும்.

அக்கா பிறந்தது வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில். பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பெண்கள். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, கணக்குப் படிக்க வேண்டும் என்று கோவையில் ஒரு கல்லூரிக்கு அப்பாவோடு போனார். அங்கே கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. புவியியலில் இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்கள். திரும்பி வர மனமில்லாமல் சேர்ந்துவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் புவியியல் என்றால் ஒருவருக்கும் விளங்கவில்லை. "பூகோளம் படிச்சுப்போட்டு என்ன பண்றது அம்மணி, பஸ் ஸ்டாண்டுல நின்னு வழி சொல்றதா?" என்று கேட்காத உறவினர் இல்லை. இதைப் படிக்கும் சிலருக்கு அது தாங்கள்தான் என்று தெரியும்.

விடுதி வாழ்க்கை அக்காவுக்கு எளிதாக இருக்கவில்லை. உச்சி வெயிலில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் இரும்புச் சங்கிலியோடு மைதானத்தை அளக்க வேண்டும். மாலையில் உட்கார்ந்து படம் வரைய வேண்டும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே கணக்கு கிடைக்காத வருத்தம் அவரைவிட்டுப் போய்விட்டது. விடுமுறைக்கு வந்தால் எதையாவது விளக்கிக்கொண்டே இருப்பார். நம் பக்கம் மழை குறைவதற்குக் காரணம், மேற்கே இருக்கும் மலை காற்றின் ஈரத்தைத் தனக்கு அந்தப் பக்கத்திலேயே பிழிந்துகொள்வதுதான் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்.

"அதத் தெரிஞ்சுக்கிட்டா மழ பேஞ்சுருமாக்கும்?" என்றார் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

"பேயாதுங்கம்மா. ஆனா ஏன்னு தெரிஞ்சா சாமியத் திட்ட வேண்டியதில்ல பாருங்க."

மூன்றாம் ஆண்டில் ஒரு கிராமத்தை ஆய்வு செய்து படத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். அக்கா நம் ஊரையே எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் காடு தோட்டமெல்லாம் நடந்தார். கிளுவை வேலி, கிணறு, ஓடை, வண்டிப்பாதை என்று ஒன்றையும் விடவில்லை. நம் ஊரில் மேற்கே இருக்கும் நிலத்துக்கு மேல்காடு என்றும் கிழக்கே இருப்பதற்குக் கீழ்காடு என்றும்தானே பெயர். யாரைக் கேட்டாலும் "மேக்கால நாலு காடு தாண்டி", "கெழக்கால எறங்குனா" என்றுதான் சொன்னார்கள். குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியவர்கள்கூட மேல்காட்டை மேலேதான் போட்டார்கள். அக்கா யோசித்தார். வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பது வழக்கம். அப்படிப் போட்டால் மேல்காடு இடது பக்கம் போய்விடும், ஊர்க்காரர்கள் யாருக்கும் அது தங்கள் ஊராகத் தெரியாது. ஆகவே தெரிந்தே, வேண்டுமென்றே, மேற்கை மேலே வைத்து வரைந்தார். மேற்கு மேலே இருந்தால் வடக்கு வலது பக்கம் வரும். வடக்கைக் காட்டும் அம்புக்குறியையும் வலது பக்கம் பார்க்கத்தான் போட வேண்டும்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. சென்னையில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து புவியியலில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. டிகிரி முடிந்ததும் கல்யாணம் என்று பேசி, ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியும் விட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சாப்பிடாமலும் இருக்கவில்லை. படத்தை மட்டும் வரைந்துகொண்டே இருந்தார். நானும் உடன் உட்கார்ந்து எழுத்துகளுக்கு மை போட்டேன்.

கல்லூரியில் துறைத் தலைவர் ஓர் அம்மையார், கண்டிப்பானவர். அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை போகாது. அறிக்கை போகாவிட்டால் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க முடியாது. அக்கா அவர் மேசையில் படத்தை விரித்த அதே நாளில், மாப்பிள்ளை வீட்டார் வருவதால் மகளை ஊருக்கு அழைத்துப் போக அப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு நடந்ததை அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

அப்பா உள்ளே போனபோது அக்கா தலைகுனிந்து நின்றிருக்கிறார். படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி நேராக மேலே பார்த்து நின்றிருக்கிறது. ஓர் அம்பு தவறியதால் ஊரே கால் வட்டம் சுற்றிவிட்டது. மேற்கிலிருந்து வரும் ஓடை வடக்கிலிருந்து வந்தது, காங்கயம் சாலை தெற்கு வடக்காகப் போனது.

"உங்க பொண்ணுக்கு மூணு வருஷம் படிச்சும் வடக்கு எந்தப் பக்கம்னு தெரியல. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அம்மையார்.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வரைபடம் என்று ஒன்றை அதுவரை கையால் தொட்டதில்லை. மேசை மேல் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செரியாத்தானுங்களே போட்டிருக்குது. இதா நம்ம மேல்காடு. ஓடை இப்படிக்கா எறங்கி இப்படிக்கா போகுதுங்க. இது கீழ்காடு. நம்ம கெணறுகூட இருக்குது பாருங்க."

"ஐயா, மேலே இருக்கிறது வடக்கு. அம்பு போட்டிருக்கு பாருங்க."

"அம்பு கெடக்குதுங்க. ஏனுங்கம்மா, மேல இருக்கறது மேக்குத்தானுங்க? மேடு அங்கதான இருக்குது. தண்ணி அங்கிருந்துதான கெழக்க எறங்குது. வடக்கக் கொண்டு போய் மேல வெச்சா தண்ணி எங்கீங்க போகும்?"

அம்மையார் மேல்காட்டிலிருந்து ஓடையின் வழியே விரலை ஓட்டிப் பார்த்தாராம். பிறகு அக்காவிடம், "இதை வேணும்னுதான் இப்படி வரஞ்சியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

"அப்புறம் ஏன் அம்பு மட்டும் மேலே போகுது?"

"தப்புத்தானுங்க மேடம். பாக்காம உட்டுட்டேன்."

அம்மையார் சிரித்துவிட்டார். ஒரு பிளேடை எடுத்துக் கொடுத்து, அம்பைச் சுரண்டிவிட்டு வலது பக்கம் பார்க்கப் போடச் சொன்னார். உன் அப்பா இப்போது சொன்னதை அப்படியே ஓர் அத்தியாயமாக எழுதிச் சேர் என்றார். கையெழுத்தும் போட்டார். கடைசியில் அப்பாவிடம், "இவளை மேலே படிக்க வையுங்க" என்றார்.

"மேல படிக்கறதுக்குக் கெழக்க மெட்ராசுக்குப் போகோணுமாக்கும்" என்றாராம் அப்பா. சரி என்று அவர் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகாரம் கொடுத்து, இரண்டு வருடம் போகட்டும் என்று கைகூப்பி அனுப்பிவைத்தார். மகளின் படத்துக்காக அந்நியர் முன்னால் வாதாடிவிட்டு, பிறகு அவரால் அந்தப் படிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா எம்.எஸ்சி. முடித்தார். காரமடைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். மாமாவைக் கைப்பிடித்து, ஒரு மகளைப் பெற்று, கோவை கணபதியில் வீடு கட்டிக் குடியேறினார். கோவையின் ஆட்டோக்காரர்களிடம் இடது வலது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. "மேக்க திரும்புங்க" என்பார், அவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் நாள் வகுப்பில், வடக்கு எங்கே என்று கேட்காமல், உன் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பாராம். துக்கத்துக்கு வந்த மாணவிகள் சொல்லித்தான் அது எங்களுக்கே தெரியும்.

நோய் தெரிந்த பிறகு அக்கா எட்டு மாதம் இருந்தார். உடனிருந்து பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் மகளுக்கும் நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். முறை வைத்துச் சோறு கொண்டுவந்த கணபதி வீதிக்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்தத் துறைத் தலைவர் அம்மையார் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவருக்கு எங்கள் வணக்கம்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. அம்பு கதை ஊரில் பரவியதும் அக்காவுக்கு 'அம்புக்காரி' என்று பெயர் விழுந்தது உங்களுக்குத் தெரியும். எந்த விசேஷத்திலும், "அம்புக்காரி வந்தாச்சு, வடக்கு எங்கீன்னு கேளுங்க" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த அம்பைப் போட்டது நான். அக்கா கோவைக்குப் புறப்படும் அவசரத்தில், "மூலையில அம்ப மட்டும் போட்டுரு கண்ணு, நான் தல வாரீட்டு வந்தர்றேன்" என்றார். பள்ளி அட்லஸில் பார்த்தபடி நேராக மேலே போட்டு, அழகுக்காக அடியில் ஒரு பூவும் வைத்தேன். மை காய்ந்ததும் அவர் அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். என் தப்பால் அவர் படிப்பே போயிருக்கும். "பாக்காம உட்டுட்டேன்" என்றாரே ஒழிய, தங்கை போட்டது என்று அம்மையாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்காமலே இருந்துவிட்டேன்.

மருத்துவமனையில் கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த அம்பு..." என்று தொடங்கினேன்.

"அதான் அன்னைக்கே திருத்திப்போட்டனே கண்ணு" என்றார்.

பின்னட்டையில் அந்தச் சுரண்டிய இடத்தை உற்றுப் பாருங்கள், பூவின் ஓர் இதழ் இன்னும் தெரியும். இனி யாருக்காவது அம்புக்காரி என்று கூப்பிடத் தோன்றினால், தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.

— தங்கை