வாய்க்கால் மடங்கிய இடம்

1975இல் சூயஸ் கால்வாய் மறுபடியும் திறந்தபோது சேலத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். பங்கு வாங்கிய நாடுகள், ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் கப்பலுக்கு மிச்சமாகும் தூரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். வெட்டிய இடத்தில் குடியிருந்தவர்கள் யார் என்று மட்டும் தெரியாது. சூயஸுக்குப் போக வாத்தியார் சம்பளம் ஏது? அடுத்த வருடம் புரட்டாசி விடுமுறையில் மேட்டூர்க் கிழக்குக்கரை வாய்க்காலைப் பார்க்கக் கிளம்பினேன். கப்பல் போகாது, அதனாலென்ன?

சேலத்திலிருந்து குமாரபாளையத்துக்குப் பஸ் இரண்டே முக்கால் ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். வாடகை சைக்கிள் நாளுக்கு மூன்று ரூபாய். காலை எட்டரைக்குக் கரையேறி வடக்கே மிதித்தேன். பதினோரு கிலோமீட்டர் போனதும் வாய்க்கால் முழங்கை மாதிரி சட்டென்று மடங்கியது. மேடும் இல்லை, பாறையும் இல்லை. திருப்பத்தில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்லும் வேலும் இருந்தன.

தண்ணீர் கரை தொட்டு ஓடியது, ஒரே கலங்கல். அக்கரை வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றார். தாகம் என்று கட்டைவிரலை வாயருகே காட்டினேன். உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீருக்குமா பஞ்சம் என்று எரிச்சலோடு மரத்தடியில் படுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அதே பெண் தூக்குப்போசியோடு என் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க, தூங்கிப்போட்டீங்களா? மோருங்க, குடிங்க."

"எப்படிங்க வந்தீங்க?"

"பாலத்தச் சுத்தித்தானுங்க. அந்தக் கரையில ரெண்டரை, இந்தக் கரையில ரெண்டரை."

எனக்காக ஐந்து கிலோமீட்டர்! பூகோள வாத்தியாருக்கு இந்தக் கணக்கு உறைக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று.

அவர் பெயர் பாவாயி. ஐம்பது வயதிருக்கும். வாய்க்கால் முதலில் பக்கத்துப் பண்ணையக்காரர் தோட்டத்துக்குள்தான் வருவதாக இருந்ததாம்.

"அளக்க வந்தவங்க கல்லு நட்டாங்க. ஒரே வாரத்துல அந்தக் கல்லுக்கே மஞ்சப் பூசி, வேல நட்டு, கெடா வெட்டி, இது எங்க கருப்பணாருன்னுட்டாருங்க பண்ணையக்காரரு. ஆபீசருக்குச் சாமின்னா பயம். எங்க பக்கம் திருப்பிட்டாங்க. கெணறு போச்சு. ஊடு அந்தப் பக்கம், காடு இந்தப் பக்கம்."

ஊடு என்றால் வீடு, காடு என்றால் இங்கே விளைநிலம். சொல்லிக்கொண்டே அவர் அந்தக் கல்லுக்கு ஒரு பூவை வைத்தார்.

"நீங்களுமா கும்பிடறீங்க?"

"இத்தன வருசமா ஊரே கும்புடுது, இனி எப்படீங்க இல்லீங்கறது? நடந்து வர ஒரு பாலம் வேணும்னு இவருகிட்டயுந்தான் கேட்டிருக்கேன். தெனமும் சுத்தக் காலு தாங்கலீங்க. பாலம் வரலீன்னா காட்ட வித்துப்போட வேண்டீதுதான். பண்ணையக்காரரு மகன் கேட்டுட்டே இருக்காரு."

பாலம் கேட்டு அங்கேயே ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டார்.

1983இல் மறுபடியும் போனேன். நடைபாலம் வந்திருந்தது. ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன், முப்பத்திரண்டே எட்டு வைத்தேன். பாவாயி அக்கா மோர் கொடுத்தார்.

"போன வருசம் காட்ட வித்துட்டமுங்க சாமி. பாலம் இந்த வருசந்தான் வந்துச்சு."

"அப்ப அந்தப் பக்கம் போறதே இல்லீங்களா?"

"அங்க எனக்கென்ன வேலைங்க?"

கப்பலுக்கு மிச்சமாகும் தூரத்தைப் பிறகும் பல வருடம் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு தடவையும் பாவாயி அக்கா சுற்றிவந்த அந்த ஐந்து கிலோமீட்டரையும் சேர்த்துச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: வழக்கமாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் பாதி வரை தண்ணீர் ஓடும், அப்போது போங்கள். கரையில் நிழல் குறைவு, வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். குடிதண்ணீரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் யாரையாவது பார்த்துத் தாகம் என்று கை காட்டுவதற்கு முன், பாலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.