கால் வீக்கம் விசாரித்தவள்

வல்லத்து சுமலதா நர்சிங் படித்தவள். ஆனால் அவள் செய்தது போனில் பேசும் வேலை. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி, இதயம் பலவீனமானவர்களைப் பற்றி ஆராய்ச்சி நடத்தியது. வீடு திரும்பிய நோயாளிகளைத் தினமும் விசாரித்து வந்தால், அவர்கள் மறுபடி மூச்சு முட்டி வந்து படுப்பது குறையுமா என்று பார்த்தார்கள். செஞ்சிப் பக்கத்து நோயாளிகள் சுமலதாவின் பொறுப்பு.

எடை ஏறியதா, கால் வீங்குதா, படுத்தால் மூச்சு வாங்குதா. கேட்க வேண்டியது இவ்வளவுதான். அவள் அதோடு விடமாட்டாள். தொண்டூர் கோவிந்தசாமியிடம், "இன்னா தாத்தா, நேத்து கருவாட்டுக் குழம்பா?" என்று மிரட்டுவாள். உப்பு சேர்ந்தால் அவர் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும்.

"மோந்து பாத்ததோட சரி, பாப்பா."

"மோந்து பாத்தா ஒரு கிலோ ஏறுமா?"

அவள் கணவன் வெற்றிவேல் செஞ்சி மார்க்கெட்டுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மனைவி போனில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது அவனுக்குப் பிடிக்கும்.

சுமலதா பிரசவ லீவில் போனதும் வேறொரு பெண் போன் செய்தாள். கிழவர்களோ சுமலதாவின் சொந்த நம்பருக்கே கூப்பிட்டார்கள்.

ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு இடது கெண்டைக்காலில் வலி, லேசான வீக்கம். வெற்றிவேல் பார்த்துவிட்டு, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றான்.

"படுத்தே கெடந்தா அப்படித்தாங்க இருக்கும். திங்கக்கிழமை தையலைக் காட்டப் போறோம்ல, அப்ப காட்டிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "மூச்சு வரலங்க" என்றாள். ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்திருக்கிறது என்றார்கள்.

காரியம் முடியவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. வெற்றிவேல் எடுத்தான்.

"பாப்பா இல்லியா?" கோவிந்தசாமியின் குரல் விட்டுவிட்டு வந்தது. "கால் ரெண்டும் உப்பிக்கிச்சுப்பா. மூச்சு வாங்குது. அந்தப் புதுப் பொண்ணாண்ட சொல்லத் தோணல. பாப்பாகிட்ட குடேன்."

வெற்றிவேல் வண்டிச் சாவியை எடுத்தான். "தூங்குறா," என்றான். "நீங்க படுக்காதீங்க, உக்காந்தே இருங்க. வண்டி எடுத்துனு வரேன்."

காரியம் முடியாமல் எங்கே கிளம்புகிறாய் என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. கிழவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செஞ்சிக்கு ஓட்டினான். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கு நீர் இறங்கி, சாயங்காலம் அவருக்கு மூச்சு சீரானது.

"கொழந்த யாரு சாடை?" என்று கேட்டார்.

"அவ சாடைதான்."

இப்போது சொல்லலாமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டான். இன்றைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை, கிழவர் இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்து, காலில் ரத்தம் உறைந்து அவள் இறந்ததைச் சொன்னான்.

"அவ கால் வீங்குனத யாரும் பாக்கலியா?" என்றார் கிழவர்.

"பாத்தேன். திங்கக்கிழமை காட்டலாம்னா."

"நீ தூக்கினு போயிருக்கணும்."

"ஆமா," என்றான் வெற்றிவேல். அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து அழுதான். அவள் இறந்த பிறகு அவன் அழுதது அன்றுதான்.

ஆராய்ச்சி முடிந்ததும் அதை நடத்திய டாக்டர் பாரதி வல்லத்துக்கு வந்தார். தினமும் விசாரிக்கப்பட்டவர்கள் குறைவாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்றும், சுமலதாவின் பெயரும் கட்டுரையில் வருகிறது என்றும் சொன்னார்.

"புள்ள பெத்தவங்களுக்கும் இதுமாரி போன் பண்ணிக் கேப்பீங்களா மேடம்?"

"கேட்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் அனுமதி வரல."

வெற்றிவேல் தலையாட்டினான். தூங்கிவிட்ட குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, டாக்டர் பஸ் ஏறும்வரை கூட நின்றான்.