பைக்குள் இருந்த கோட்டு

தெருவில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது என்னவோ எட்டாவது. இருபத்திரண்டு வருஷமாகப் படங்களில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், தலையைக் குனிந்து, "எங்களால ஆனதப் பாத்துட்டோம்" என்பார். இதுவரை ஒருத்தரையாவது பிழைக்க வைத்ததில்லை. பெற்ற மகளே காய்ச்சலில் படுத்தால், "அப்பா, நீ மட்டும் கிட்ட வராத" என்பாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தாறு வயதில் நாயகியின் அப்பா வேஷம் வந்தது. படம் முழுக்க வரலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம், மகளைத் திட்டலாம். முதல் நாள் காட்சி சரியாக வந்தால் வேஷம் அவருக்குத்தான் என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு டாக்டர் கோட்டு வேணாம்டி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நடையில் ஒரு மிதப்பு. எதிர்வீட்டுக்காரர், "என்ன டாக்டரே, இன்னைக்கு யாருக்கு நாள் குறிச்சிருக்கீங்க?" என்று வம்பிழுத்தும் கோபம் வரவில்லை.

போய்ப் பார்த்தால் காட்சியே ஆஸ்பத்திரியில். கதைப்படி நாயகியின் அம்மா உள்ளே கிடக்கிறாள். டாக்டர் வெளியே வந்ததும் அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கதற வேண்டும். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. இவர் கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று. கழற்றினார், தலையைக் குனிந்தார். டாக்டராக வந்தவரும் கழற்றினார், குனிந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். லைட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாம் தடவை கண்ணாடியே போடவில்லை. கை வெறும் மூக்கைத் தடவியது. மூன்றாம் தடவை கையைக் கட்டிக்கொண்டார், வாய் முந்திக்கொண்டது. "எங்களால ஆனதப்..."

டைரக்டர் எழுந்து வந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. அவரு அப்பாவா நிக்கட்டும்."

"இன்னும் ஒரே ஒரு தடவ தம்பி..."

"மத்தியானத்துக்குள்ள எடத்தக் காலி பண்ணணும்ணே. கோட்டு வச்சிருக்கீங்கல்ல? அவரு போட்டிருக்கறது உங்களுக்குப் பத்தாது."

"இல்லியே! வீட்ல வச்சுட்டேனே!" என்றார் அவசரமாக. பிடித்துக்கொள்ள அது ஒன்றாவது மிச்சமிருந்தது.

முகம் துடைக்கத் துண்டு எடுப்போம் என்று பையைத் திறந்தார். துண்டுக்கு அடியில் கோட்டு. இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல், பொத்தான்கூடப் புதிதாகத் தைத்து.

மனைவிக்கும் தெரிந்திருக்கிறது.

"அதான் இருக்கேண்ணே!" என்றார் டைரக்டர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். ஒரே தடவையில் சரியாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.