தாய்மாமன் போட்ட முதல் வெட்டு

காலை ஐந்து நாற்பதுக்கு என் அண்ணன் எழுமலையிலிருந்து வந்து இறங்கினார். கையில் மாலை, தேங்காய், துணியில் சுற்றிய அரிவாள். எங்களுக்குச் சனி பிடித்தது அப்போதுதான்.

என் மகன் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வண்டியூர்ப் பக்கம் ஆட்டுக்கறிக் கூடம் தொடங்கியிருந்தான். வெளிநாட்டுக்குக் கறி அனுப்பும் கம்பெனியின் ஆய்வாளர் அன்று ஏழு மணிக்கு வருவதாக இருந்தது. அவர் தலையாட்டினால் ஆர்டர்; இல்லையென்றால் கூடத்தை மூட வேண்டியதுதான். நிபந்தனை ஒன்றே: மூளையும் தண்டுவடமும் கறியில் துளிகூடப் படக் கூடாது. அவற்றில் தங்கும் ஒரு நோய் வேகவைத்தாலும் போகாதாம். அதனால் முதுகெலும்பைப் பிளப்பதற்கு முன் குழாய் விட்டுத் தண்டுவடத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அந்த உறிஞ்சும் மெஷினுக்குக் கொடுத்த மரியாதையை அவன் எனக்குக்கூடக் கொடுத்ததில்லை.

"தாய்மாமன் மொத வெட்டு வெட்டாம தொழில் எப்படிய்யா வெளங்கும்?" என்றார் அண்ணன்.

"மாமா, இது கோயில் கெடா வெட்டு இல்ல. மொதல்ல குழாய விட்டு..."

"குழாயா? செத்த ஆட்டுக்கு ஆஸ்பத்திரியாடா நடத்துற?"

மாமன் முறையை மறுத்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. மகன் என்னைப் பார்த்தான். பட்டப்படிப்பு படித்த நானும் அண்ணனைத் தடுக்கத் துணியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, உரித்துத் தொங்கிய ஆடு நட்டநடுவில் இரண்டாகியிருந்தது. தண்டுவடம் நசுங்கித் தொடையிலும் விலாவிலும் வெள்ளையாகத் தெறித்திருந்தது. கை சூடேறிவிட்டதால் அதே அரிவாளோடு மற்ற ஆடுகளுக்கும் போனார். பிறகு சுத்தம் நினைவுக்கு வந்து, தோளில் கிடந்த துண்டை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தார். தெறிக்காத இடங்களுக்கும் தண்டுவடம் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கு எப்போதும் பாரபட்சம் கிடையாது.

"இம்புட்டுத் தண்டையும் வேணாங்கிறாய்ங்களே! கொழம்புல போட்டா முதுகு கம்பி மாதிரி நிக்கும்."

மகன் கையுறையைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

சொன்ன நேரத்துக்கு ஆய்வாளர் வந்தார். சின்னப் பெண். ஆடுகளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அண்ணன் மாலை போட்டிருந்த மெஷினைப் பார்த்தார்.

மகன் எழுந்தான். "மாமா வெட்டிட்டாருங்க. இதுல ஒரு துண்டுகூட அனுப்ப மாட்டேன். பூராத்தையும் குழியில போட்டுப் பொதைச்சிர்றேன்."

"அனுப்பலாம்னு சொல்லியிருந்தீங்கன்னா இப்பவே கெளம்பியிருப்பேன். எனக்கும் ஒரு தாய்மாமன் இருக்காரு," என்றார் அவர். "கூடத்தையும் மெஷினையும் நல்லாக் கழுவி வைங்க, நாளைக்கு வாரேன். அய்யா, நீங்க மட்டும் ஊருக்குப் போயிருங்க."