பாதி வழியில் நின்ற கயிறு

“...அதெல்லாம் சரி தம்பி. ஆனா கீழ போன ஆளு பாதி வழில நின்னுட்டான்னா, கையக் கட்டிக்கினு வேடிக்கை பாக்க எனக்கு வராது. இப்பவே சொல்லிட்டேன்.”

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், இப்படிச் சொன்னது தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஒரு காலை. இடம், கோலார் தங்கவயலில் ஊரிகம் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ஷாப்டின் வாய். நாங்கள் பிறப்பதற்கு முன்பே கைவிட்ட சுரங்கக் குழி அது. எட்டிப் பார்த்தால் நாலைந்து ஆள் ஆழத்தில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். லைன் வீட்டுக்காரர்கள் நாங்களே சேர்ந்து அதில் ஒரு பம்ப் இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். சங்கிலி துருவேறி அறுந்து, பம்ப் உள்ளே போய்விட்டது. நான் பம்ப் மெக்கானிக். யாரிடமும் படித்ததில்லை, பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். கொக்கி விட்டு எவ்வளவோ துழாவினேன். அந்தக் காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கேஜ் ஒன்று அடியில் முங்கிக் கிடந்தது. பம்ப் அதன் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது.

அதனால்தான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அந்தத் தம்பியை வரவழைத்தோம். கடலில் முங்கிப்போன தோணிகளுக்குள் புகுந்து சாமான் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வயதிருக்கும். ஷாப்டை எட்டிப் பார்த்துவிட்டு, “கடல்ல முங்குனா மேல வானமாது தெரியும் அண்ணாச்சி. இங்க மேலயும் குழிதான்” என்றார். சுவரோரம் இருந்த இரும்பு ஏணியில் இறங்கித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தபோது அவருக்குச் சிலிர்த்துவிட்டது. ஜனங்கள் பேசுவதைக் கேட்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவர் பேச்சை ரசிக்க முடியவில்லை.

முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை கையால் சுற்றுகிற வின்ச்சில். வின்ச்சில் மச்சான். சுரங்கத்தில் பல வருஷம் ஆட்களைக் கேஜில் ஏற்றி இறக்கிய கை அவருடையது. அவரிடம்தான் அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நூறு அடிக்குக் கீழ போயிட்டு வாரேன். வரும்போது அங்கங்க நின்னு நின்னுதான் வருவேன். சோடா பாட்டில படக்குனு திறந்தா பொங்குதுல்லா, அதே மாதிரி ரத்தம் பொங்கிரும். கயிற நாலு தடவ வெட்டி இழுத்தா மட்டும் தூக்குங்க. மத்தபடி என்ன ஆனாலும் இழுத்துராதிய. எங்க அண்ணன அப்படித்தான் பயந்து போயி இழுத்தாவ. கால் ரெண்டும் விளங்காம வீட்ல கெடக்கான்.”

அதற்குத்தான் மச்சான், தொடக்கத்தில் நான் எழுதியிருக்கும் அந்தப் பதிலைச் சொன்னார். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. என் கையை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்து, “நீங்களும் பிடிச்சுக்கிடுங்க” என்றார். இறங்கிவிட்டார்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. என் விரலில் சின்னச் சின்ன அசைவு மட்டும் தெரிந்தது, மீன் கொத்துகிற மாதிரி. கடைசியில் பம்ப்புக்கென்று தனியாக விட்டிருந்த கம்பி வடம் விறைத்தது. கொக்கியை மாட்டிவிட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் முகமெல்லாம் தெளிந்தது. இடுப்புக் கயிறு தளர்ந்தது, அவர் ஏறுகிறார். மச்சான் தளர்ச்சியை மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தார். கயிறு கொஞ்சம் நின்றது, வந்தது. மறுபடி நின்றது.

அப்போதுதான் தரை குலுங்கியது.

தங்கவயல்காரர்களுக்கு இது புதிதல்ல. பூமிக்கடியில் எங்கோ பாறை வெடிக்கும், ‘பர்ஸ்ட்’ என்போம், வீட்டில் பாத்திரம் உருளும், எடுத்து அடுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் அன்று எங்கள் ஆள் ஒருவர் தண்ணீருக்குள் இருந்தார். ஷாப்டின் சுவரிலிருந்து கல்லும் மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன. புழுதியில், ஜெனரேட்டர் போட்டு உள்ளே தொங்கவிட்டிருந்த விளக்குகூடத் தெரியவில்லை. என் விரலில் அசைவும் இல்லை.

“இழுங்கப்பா, ஆளு போயிடப்போறாரு” என்று ஒரு அம்மா அழ ஆரம்பித்தார். பர்ஸ்ட் ஆனால் முதல் வேலை கீழே இருப்பவனை மேலே கொண்டுவருவது. அது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மச்சான் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிவிட்டார். நான் பாய்ந்து அதன் மேல் விழுந்து பிடித்துக்கொண்டேன்.

“நாலு தடவை இழுக்கலையே மச்சான்.”

“தலையில கல்லு விழுந்தவன் எப்படிடா இழுப்பான்?”

அவர் கேட்டது நியாயம். இழுத்தால் கால் போகலாம், இழுக்காவிட்டால் உயிரே போகலாம். இரண்டில் எது நடந்தாலும் என் கைதான் காரணம்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, “ஜெனரேட்டர நிறுத்துங்க. யாரும் மூச்சு விடக்கூடாது” என்று அதட்டினார். சுரங்கத்தில் பாறை சரிந்தால் அப்படித்தான் செய்வார்கள். எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவன் எங்காவது தட்டுகிறானா என்று காதைக் கொடுப்பார்கள். அவர் குப்புறப் படுத்து, தலையை ஷாப்டுக்குள் தொங்கவிட்டார். அழுத அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கூழாங்கல் விழுந்தது. அப்புறம் கீழே எங்கேயோ, சோறு கொதிக்கிற மாதிரி, குபு குபுவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி அதே சத்தம். மூச்சுக்காற்று குமிழியாக வந்து உடைகிறது. ஆள் மூச்சு விடுகிறார், நிதானமாக விடுகிறார்.

மச்சான் எழுந்து வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, வின்ச்சின் கைப்பிடியைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். “என் கைய நானே நம்பல” என்று சொல்லிவிட்டு, காதைக் கொடுத்தபடி மறுபடி படுத்துக்கொண்டார்.

அவ்வளவு நேரம் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசியில் கயிறு தானாகத் தளர்ந்து, நான் கையால் வாரி வாரி எடுக்க, ஒரு தலை தண்ணீருக்கு மேல் வந்தது. ஏணியில் ஏறி வந்தவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது, தோளில் கல் பட்டு ரத்தம் கசிந்தது. நடுங்கிக்கொண்டே முதலில் காலைத்தான் உதறிப் பார்த்தார், ஒன்று, பிறகு இன்னொன்று. இரண்டும் சொன்னபடி கேட்டன.

“சத்தம் கேட்டுச்சு, கல்லு விழுந்துச்சு. இன்னைக்கு என்னையும் இழுத்துருவாவன்னு நெனச்சேன் அண்ணாச்சி” என்றார் மச்சானிடம்.

ஒருவரைக் காப்பாற்ற ஓடுவதைவிட, அவர் சொன்ன சொல்லை நம்பி நிற்பதற்குத்தான் அதிக தெம்பு வேண்டும். இன்றைக்கும், என் பிள்ளைகள் விஷயத்தில் கை பரபரக்கும்போதெல்லாம், எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வருகிறது. வேடிக்கை பார்க்க வராது என்று சொன்ன மச்சான் அன்று, கைப்பிடியில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வந்து, அந்தத் தம்பியின் தலையை நெடுநேரம் துவட்டிக்கொண்டிருந்தார்.